தேன் இல்லாத பூவுக்கு வண்டு வருவது ஏன்? அபிராமத்துக் கரிசலில் ஆவாரை வளர்ப்போம்!

பூவில் தேன் இருக்கிறது. அதைக் குடிக்க வண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த பாடம் இது.

ஒரு சொட்டுத் தேன்கூட இல்லாத பூவைத் தேடி வண்டு வருமா?

வருகிறது! காலை வெயில் ஏறும் நேரத்தில், பூத்து நிற்கும் ஓர் ஆவாரஞ் செடியின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கன்னங்கரேல் என்று, கட்டைவிரல் பருமனில் ஒரு வண்டு வரும். "ரீங்" என்று பறந்து வந்து, பூவைக் கட்டிப் பிடிக்கும். உடனே அதன் சத்தம் மாறும். "கீஈஈங்" என்று சுருதி ஏறும். ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு அடுத்த பூ. அங்கேயும் அதே கச்சேரி!

அந்த வண்டு அங்கே என்ன செய்கிறது? அதைத் தெரிந்துகொண்டால், நம் தோட்டத்து மூலையில் ஆவாரைக்கு ஏன் இடம் தர வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

"அதை யாராவது நடுவாங்களா?"

இராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதி வட்டத்தில் இருக்கிறது அபிராமம். சுற்றிலும் கரிசல். மழை வந்தால் களி. வெயில் வந்தால் வெடிப்பு. மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் கண்மாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட பூமியில், தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல், ஆண்டு முழுவதும் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும் செடி ஒன்று உண்டென்றால் அது ஆவாரைதான்.

அபிராமம் பக்கத்தில் ஒரு மிளகாய்க் கொல்லை ஓரம். களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆத்தா, ஆவாரை விதை எங்கே கிடைக்கும்? வீட்டில் நடலாம் என்று பார்க்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதைப் போயி யாராவது நடுவாங்களா அப்பு? அதுவா மொளைக்கிறதுதானே!"

"அப்படித்தான் இருந்தது. இப்போது இந்த வரப்பில் ஒன்றுகூடக் காணோமே?"

சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, "ஆமா... பொங்கலுக்குக் காப்புக் கட்டக்கூடக் கடையிலதான காசு குடுத்து வாங்குறோம்" என்றார்.

அந்த ஒரு பேச்சில் எல்லாம் அடங்கிவிட்டது. தானாக முளைத்த செடி, காசுக்கு வாங்கும் சரக்காகிவிட்டது.

பூட்டிய பெட்டி, திறக்கும் சாவி

இப்போது அந்த வண்டின் இரகசியத்துக்கு வருவோம்.

ஆவாரம் பூவில் ஐந்து இதழ்கள். நடுவில் பத்து மகரந்தக் கேசரங்கள். மேலே இருக்கும் மூன்று வெறும் மலடு. மற்றவற்றில்தான் மகரந்தம் இருக்கிறது. ஆனால் மற்றப் பூக்களைப்போல அந்தத் தூள் வெளியே படிந்திருக்காது. உள்ளே அடைத்து வைத்திருக்கும். நுனியில் மட்டும் ஊசித்துளை போன்ற சின்னஞ்சிறு வாய். நம் வீட்டு உப்புச் சாடியைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கினால்தான் கொட்டும்!

யார் குலுக்குவது?

அதற்குத்தான் கருவண்டு. வண்டு என்று நாம் சொன்னாலும், உண்மையில் அது தேனீ ஜாதியைச் சேர்ந்தது. மரத்தைத் துளைத்து வீடு கட்டுவதால் விஞ்ஞானிகள் இதைத் தச்சன் தேனீ என்கிறார்கள். அது பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொள்கிறது. இறக்கைகளை மடக்கிக்கொள்கிறது. பறப்பதற்கு உதவும் மார்புத் தசைகளை மட்டும் நொடிக்குச் சில நூறு தடவை அதிரச் செய்கிறது. நமக்குக் கேட்கும் "கீஈஈங்" அதுதான். அந்த அதிர்ச்சியில் மகரந்தத் தூள் பீறிட்டு வந்து அதன் வயிற்றிலும் முதுகிலும் படிகிறது.

சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கொம்புத் தேனீயோ அடுக்குத் தேனீயோ வந்தால், இதழில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு போகும். பெட்டியைத் திறக்கும் சாவி கருவண்டிடமும், அதைப்போல அதிரவைக்கத் தெரிந்த சில தேனீக்களிடமும்தான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆவாரையின் கேசரங்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நடுவில் குட்டையாகச் சில. கீழே நீண்டு வளைந்து சில. குட்டையானவற்றில் இருப்பது வண்டின் சாப்பாட்டுக்கு. நீண்டவை தெறிக்கும் தூள், வண்டின் கால் எளிதில் எட்டாத இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அது அடுத்த பூவுக்கு! அதாவது, கூலி வேறு. கொண்டு சேர்க்க வேண்டிய சரக்கு வேறு. பிரேசிலில் குடியேறி வாழ்ந்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் முல்லரும், அவருடைய தம்பி ஹெர்மன் முல்லரும் 1880-களில் இருவகைக் கேசரம் உள்ள பூக்களை ஆராய்ந்து, இந்த வேலைப் பங்கீட்டை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

ஆவாரம் பூ தேன் தராவிட்டாலும் சோறு போடுகிறது. மகரந்தம்தான் தேனீக் குஞ்சுகளுக்குச் சத்துணவு. கருவண்டு மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டையாகப் பிடித்து வைக்கும். அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடும். மரத்தூளால் சுவர் எழுப்பி அறையை அடைத்துவிடும். பொரித்து வரும் குஞ்சுக்கு அந்த உருண்டைதான் கட்டுச்சோறு.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் என்ன லாபம்?

"வண்டு பிழைத்தால் எனக்கென்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டில் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கும் அந்தப் பெருமை கிடைத்தது. மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். இவற்றில் கத்தரிப் பூவும் ஆவாரையைப்போலவே நுனித்துளை வழியே மகரந்தம் உதிர்ப்பது. தக்காளிப் பூவையும் குலுக்கினால்தான் தூள் நன்றாக இறங்கும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும் குணம் உடையது. ஆனாலும் தேனீ வந்து போனால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும், விதையும் கூடும்.

மிளகாய்க் கொல்லை எத்தனை நாளைக்குப் பூக்கும்? புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் பங்குனி, சித்திரையோடு கதை முடிந்தது. பூ இருக்கும் மாதங்களில் தேனீக்குக் கல்யாண விருந்துதான். பிறகு? கோடை முழுவதும் அது எதைத் தின்று உயிர் வாழும்? விருந்துக்கு வந்த ஆளை மற்ற நாளில் பட்டினி போட்டுவிட்டு, அடுத்த ஆண்டும் வேலைக்கு வா என்றால் வருமா?

அந்த வறண்ட மாதங்களிலும் பூத்து நிற்பது ஆவாரை. கொல்லைப் பூ விருந்து என்றால், வரப்பில் நிற்கும் ஆவாரை அன்றாடக் கஞ்சி. விருந்து இல்லாமல் உயிர் வாழலாம். கஞ்சி இல்லாமல் வாழ முடியாது.

வண்ணத்துப் பூச்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு. வெண்மையில் இளம்பச்சை கலந்த ஒரு ஜாதி வண்ணத்துப் பூச்சி ஆவாரை இலையில் முட்டை இடும். பச்சைப் புழு இலையைத் தின்று வளரும். ஐயோ புழு என்று மருந்தடித்துவிடாதீர்கள்! நான்கு இலை போனால் ஆவாரைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எங்கே போயிற்று ஆவாரை?

ஆவாரை புதுச் செடி அல்ல. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதலுக்காகப் பனைமடலில் குதிரை செய்து ஏறி வந்த சங்க காலத்து வாலிபன் சூடிய மாலையிலும் எருக்கு, பூளை இவற்றோடு ஆவிரை இருந்தது. 1753-இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவர நூலார் இதற்குச் சூட்டிய இலத்தீன் பெயரில் "காதுடையது" என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. இலைக் காம்பின் அடியில் காது மடல்போல இரண்டு சிற்றிலைகள் இருப்பதைக் கண்டு வைத்த பெயர்.

நம் ஊரிலோ இது மருந்து. உடம்புச் சூட்டுக்கு ஆவாரை இலையைத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு உழுதவர்கள் நம் பாட்டனார்கள். சித்த வைத்தியத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் என்றே ஒரு கஷாயம் உண்டு. (அதற்காக, மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.) "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?" என்ற பழமொழி பிறந்தது சும்மா அல்ல. கடல் தாண்டி இலங்கையில் சிங்களவர்கள் இதை "ரணவரா" என்று தேநீர்போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

பட்டைக்கும் ஒரு காலம் இருந்தது. தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டையை மிஞ்சியது இல்லை என்றிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறிய பதனிட்ட தோல்களுக்குப் பேர் வாங்கித் தந்தது இந்தப் பட்டைதான். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வேட்டில் மரப்பட்டை வந்தது. குரோமிய உப்பும் வந்தது. ஆவாரையைக் கேட்பாரில்லை.

கேட்பார் இல்லாத செடிக்குக் காப்பாரும் இல்லை. சாலை அகலமாயிற்று, ஓரத்துப் புதர் போயிற்று. வரப்பைச் சுத்தம் செய்யக் களைக்கொல்லி வந்தது. ஆவாரையும் "களை" ஆயிற்று. போதாக்குறைக்குச் சீமைக் கருவேல்! அமெரிக்கக் கண்டத்து மரமான இது 1877-இல் இந்தியாவில் நடப்பட்டது. இன்று இராமநாதபுரம் சீமையின் தரிசு, கண்மாய், புறம்போக்கு எல்லாம் அதுதான். அதன் அடியில் வேறு செடி எழுவது அபூர்வம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். சீமைக் கருவேலின் பூவிலும் தேன் உண்டு. தேனீக்கள் அதற்கும் போகின்றன. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் பல. ஆனால் ஒரே மரம் எங்கும் நின்றால், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று ஆகிவிடுகிறது. 2022-இல் தமிழக அரசு, நாட்டு மண்ணை ஆக்கிரமிக்கும் அன்னியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கை வகுத்தது. நல்லது. வெட்டிய இடத்தை அப்படியே விட்டால் மறுபடியும் கருவேல்தான் முளைக்கும். அங்கே எதை வைப்பது என்பதே கேள்வி. அதற்கு ஒரு பதில் ஆவாரை.

இன்னொரு மாநிலத்தைப் பாருங்கள். 2014-இல் பிறந்த தெலங்கானா, தன் மாநிலப் பூவாகத் தேர்ந்தெடுத்தது ஆவாரையைத்தான்! அங்கே அதற்குத் "தங்கேடு" என்று பெயர். பதுகம்மா பண்டிகையில் பெண்கள் கோபுரம்போல அடுக்கிக் கும்மியடிக்கும் பூக்களில் இதற்கு முதல் மரியாதை.

வளர்ப்பது எப்படி?

நான் முதன் முதலில் வைத்த ஆவாரை இரண்டே மாதத்தில் செத்துப்போயிற்று. வறட்சியால் அல்ல, என் அன்பால்! தொட்டியில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். வேர் அழுகிவிட்டது. அதில் கற்ற பாடங்களைச் சொல்லுகிறேன்.

விதை: தட்டையான காய், பழுப்பு நிறமாகி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பறிக்கும் பருவம். பக்கத்து ஊர்ச் செடியின் விதையே மேல். நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகியது அது.

முளைப்பு: விதையின் தோல் மிகவும் கெட்டி. அப்படியே போட்டால் மாதக் கணக்கில் மண்ணுக்குள் தூங்கும். கொதித்து இறக்கிய வெந்நீரை, கொதி அடங்கியதும் விதைமேல் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். அல்லது, உப்புக் காகிதத்தில் ஒருபக்கம் இலேசாகத் தேய்த்து ஊறப்போடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதையை ஒரு விரற்கணு ஆழத்துக்கு மேல் போகாமல் ஊன்ற வேண்டும்.

காலம்: புரட்டாசிக் கடைசி, அல்லது ஐப்பசி முதல் மழை. மழைக்காலத்தில் வேர் இறங்கிவிட்டால், சித்திரை வெயிலை அது பார்த்துக்கொள்ளும்.

இடம்: நாள் முழுவதும் வெயில் விழும் இடம். நிழலில் இலைதான் மிஞ்சும், பூ வராது. கரிசல் களியில் தண்ணீர் தேங்கும். ஆகையால் ஓர் அடி உயரம் மண்ணை அணைத்து மேட்டில் ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி இது. பிடுங்கி நடுவதைப் பொறுக்காது. நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது உத்தமம். பையில் வளர்த்தால், உயரமான பையில் வளர்த்து, சிறியதாக இருக்கும்போதே மண் உடையாமல் மாற்றிவிட வேண்டும்.

இடைவெளி: செடிக்குச் செடி நாலு அடி. ஆளுயரம் வரை புதராக வளரும். ஒற்றைச் செடியாக வைப்பதைவிட ஐந்தாறு சேர்த்து வைத்தால் வண்டுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

தண்ணீர்: முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை. அப்புறம் வானம் பார்த்துக்கொள்ளும்.

கவாத்து: ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். பக்கக் கிளை வெடித்து, நுனிக்கு நுனி பூ எடுக்கும். வெட்டிய தழை வயலுக்கு நல்ல உரம். ஆடு மாடு இதை அவ்வளவாக விரும்பிக் கடிப்பதில்லை. ஆகவே முள்வேலிச் செலவும் குறைவு.

சோறு போட்டால் போதுமா?

பூ மட்டும் வைத்துவிட்டு, "வண்டைக் காணோமே" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. சோறு போட்டால் போதுமா? குடிக்க வேண்டாமா? படுக்க வேண்டாமா?

ஆவாரையில் தேன் இல்லை என்றோம். ஆகவே பக்கத்தில் தேன் தரும் நாட்டுச் செடியும் வேண்டும். எருக்கு இருந்தால் வெட்டாதீர்கள். எருக்கம் பூவுக்கும் கருவண்டுக்கும் நெருங்கிய சிநேகம். (எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் கை எட்டாத மூலையில் இருக்கட்டும்.) நொச்சி, முருங்கை, துளசி, தும்பை எல்லாம் தேன் பந்தல்களே. ஆவாரையில் சோறு, இவற்றில் பாயசம்!

அடுத்தது வீடு. பனை ஓலைக் கூரையும் மூங்கில் கைமரமும் இருந்த காலத்தில் கருவண்டுக்கு வாடகை இல்லாத வீடு எங்கும் கிடைத்தது. காங்கிரீட் தளத்தை அது எப்படித் துளைக்கும்? விரல் நுழையும் துளை உள்ள காய்ந்த மூங்கில் துண்டுகளை, ஒருபுறம் கணு அடைப்பு இருக்கும்படி வெட்டி, கட்டாகக் கட்டி, மழை படாத இறவாரத்தில் படுக்கை வாட்டில் கட்டிவிடுங்கள். பட்டுப்போன முருங்கைக் கிளை ஒன்றையும் எரிக்காமல் மூலையில் சாத்தி வையுங்கள்.

கத்தரிப் பூவை அதிரவைக்கும் நீலப் பட்டைத் தேனீ என்று ஒரு சிறு ஜாதி உண்டு. அது மண்ணிலும் மண்சுவரிலும் துளையிட்டு வாழ்வது. தோட்டம் முழுவதையும் சிமெண்டால் மெழுகிவிடாமல், ஒரு பாய் அளவு வெறும் மண்ணை அதற்கென்று விட்டு வையுங்கள்.

கொட்டுமோ என்ற பயம் வேண்டாம். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டும் கையால் பிடித்து நசுக்கினாலொழியப் பெரும்பாலும் கொட்டாது.

பூச்சி மருந்து மட்டும் ஆகாது. கொல்லைக்கு மருந்து அடித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், பூ விரிந்து வண்டு மேயும் காலை வேளையில் அடிக்காதீர்கள். பொழுது சாய்ந்தபின் அடியுங்கள். வரப்பு ஆவாரையின்மேல் சாரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதி நமக்கு, பாதி வண்டுக்கு

பூவைப் பறிக்கவே கூடாதா? தாராளமாகப் பறியுங்கள். ஆனால் கொத்தோடு முறிக்காமல், பாதிப் பூவை விட்டு வையுங்கள். காப்புக் கட்ட ஒரு கிளை போதும். பட்டையை மட்டும் உரிக்காதீர்கள். சுற்றி உரித்தால் செடி பட்டுவிடும்.

இதற்குப் பெரிய தோப்பு வேண்டாம். பள்ளிக்கூட மதிலோரம், கோவில் நந்தவனம், பள்ளிவாசல் வெளி, கிணற்றுமேடு, வரப்பு, எது இருந்தாலும் போதும். ஒரு கைப்பிடி விதைக்குச் செலவு காலணாக்கூட இல்லை. நல்ல செடியானால் முதல் ஆண்டிலேயே பூக்கும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டில் நிச்சயம்.

அடுத்த ஐப்பசிக்கு முன்னால் அந்த மூதாட்டியின் கொல்லை வரப்பில் நாலு விதை ஊன்றிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

"ஊன்று, ஊன்று. தண்ணிதான் ஊத்த மாட்டேன்" என்றார்.

"ஊற்றவே வேண்டாம் ஆத்தா, வெட்டாமல் இருந்தால் போதும்" என்றேன்.